மாத்திரை விற்ற பணத்தில் இசை மாநாடு!
தென்காசிச் சீமைப் பிள்ளை தஞ்சையில் சாதித்த கதை

தென்காசிச் சீமையில் பிறந்த ஒருவர் தஞ்சாவூருக்குப் போனார். அங்கே மருந்து செய்தார். அந்த மருந்து கடல் தாண்டிப் போனது. மருந்தில் வந்த பணம் இசைக்குப் போனது. அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

கீழப்பாவூர்க்காரர்களுக்கு அவர் அசலூர்க்காரர் அல்ல. பாவூர்சத்திரத்தில் இருந்து கீழப்பாவூர் வழியாகச் சுரண்டைக்குப் போகிறோம் அல்லவா? அந்தச் சுரண்டைக்குப் பக்கத்தில் உள்ள சாம்பவர்வடகரைதான் அவருடைய ஊர். 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்தார்.

வாத்தியார் வேலை

சுரண்டையில் படித்தார். பிறகு திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே வாத்தியார் ஆனார்.

கை சும்மா இராத மனிதர் அவர். போட்டோ பிடிக்கக் கற்றார். அச்சுத் தொழில் கற்றார். பிடில் கற்றார். எல்லாவற்றிற்கும் மேலாக, மூலிகை மீது தீராத ஆசை. ஏடுகளைத் தேடிப் படித்தார். மலை மலையாக அலைந்தார்.

1877-ம் ஆண்டில் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து, மருந்து முறைகளைத் தெரிந்துகொண்டார். அந்தக் குருவை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அவர் நடத்திய மருந்துச் சாலையின் பெயர் கருணாநிதி வைத்தியசாலை. அவர் போட்ட தோட்டம் கருணானந்தபுரம். அவர் எழுதிய நூல் கருணாமிர்த சாகரம்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூர் போனார்கள். அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் மனைவி தலைமை ஆசிரியை. கணவர் தமிழ் ஆசிரியர்! அந்தக் காலத்தில் ஊரார் இதைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

1890-ல் வேலையை விட்டார். மாதம் தவறாமல் வரும் சம்பளம் போயிற்று. இனி மருந்துதான் சோறு போட வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற மருந்து

தையற்காரர் ஆளை அளந்துதான் துணியை வெட்டுவார். சித்த வைத்தியமும் அப்படித்தான். மாத்திரை ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். இன்னொருவருக்கு இஞ்சிச் சாற்றில். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துப் புகட்டுவார்கள். இதற்கு அனுபானம் என்று பெயர். நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்த சங்கதி இது.

பண்டிதருடைய சஞ்சீவி மாத்திரைகளின் புகழ் பரவியது. இலங்கையில் இருந்தும் பர்மாவில் இருந்தும் மருந்து கேட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தபாலில் போகிற மருந்து, நோயாளியின் நாடியைப் பார்க்காது. யாருக்கு, எதில் குழைத்து, எவ்வளவு என்பதை எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும். அச்சுத் தொழில் தெரிந்த ஒருவர் மருந்துத் தொழிலில் இறங்கியது நல்ல பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைச் சரக்கை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகை பயிரிட்டார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். கரும்பிலும் புதுப்புது சோதனைகள் செய்து பார்த்தார். சென்னை மாகாண கவர்னர் லாலி துரையே அந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். பண்டிதர் பிறகு மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றை வைத்து, அதற்கு லாலி அச்சுக்கூடம் என்று பெயர் சூட்டினார். 1909-ல் அரசாங்கம் அவருக்கு ராவ்சாகிப் பட்டம் கொடுத்தது.

பணம் போன வழி

கையில் பணம் சேர்ந்தது. வேறொருவர் என்றால் மாளிகை கட்டியிருப்பார். இவரோ சங்கீத வித்துவான்களை அழைத்தார்!

1912-ம் ஆண்டில் தஞ்சையில் இசைச் சங்கம் தொடங்கினார். அந்த ஆண்டு முதல் பல மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார்.

எதற்காக இத்தனை பாடு? ஒரு கணக்குக்காக! கீழ் சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் நடுவே எத்தனை சுருதி? இருபத்திரண்டு என்று வடமொழி நூல்களைப் படித்தவர்கள் சொல்லி வந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தைத் துருவிப் படித்தார். இருபத்து நான்கு என்றார். அதுவே பழந்தமிழர் கணக்கு என்றும் சொன்னார்.

வித்துவான்கள் பலர் ஏற்கவில்லை. அவரும் விடவில்லை. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் பெண் மக்களை அழைத்துக்கொண்டு போனார். தாம் சொன்ன கணக்கை அவர்களைக் கொண்டே பாடியும் வீணையில் வாசித்தும் காட்டச் செய்தார்.

1917-ல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய புத்தகம். வெளி அச்சகம் எதையும் தேடிப் போகவில்லை. சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். சுருதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை.

அடுத்த பாகத்தையும் எழுத ஆரம்பித்தார். அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி காலமானார். மகள் மரகதவல்லியின் முயற்சியால் இரண்டாம் பாகம் 1946-ல் வெளிவந்தது.