லோடு கர்வைப் படித்த இன்சல்

லோடு ஃபேக்டர் கணக்குப் போட்டு மண்டை காய்ந்திருப்பீர்கள். அதை வைத்தே தொழிலை வளர்த்தவர் சாமுவேல் இன்சல். 1859-ல் லண்டனில் பிறந்தவர். 1881-ல் எடிசனுக்குச் செயலாளராக அமெரிக்கா போனார். 1892-ல் சிகாகோ எடிசன் கம்பெனிக்குத் தலைவர்.

அங்கே சாயங்காலம் விளக்கு எரியும் சில மணி நேரம்தான் ஜெனரேட்டருக்கு முழு வேலை. மெஷின் வாங்கின கடனுக்கு வட்டியோ 24 மணி நேரமும் ஓடுமே! 1894-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஆர்தர் ரைட்டின் மாக்ஸிமம் டிமாண்ட் மீட்டரைப் பார்த்தார். எத்தனை யூனிட் என்பதோடு, உச்சத்தில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதற்கும் காசு. விஷயம் பிடிபட்டது. அப்புறம் கர்வில் பள்ளம் பார்த்து ஆள் பிடித்தார்: பகலுக்குத் தொழிற்சாலை, காலை மாலைக்கு டிராம், கோடைக்கு ஐஸ் கம்பெனி. எல்லாருடைய உச்சமும் ஒரே நேரத்தில் வராததால் இருக்கிற மெஷினே பலருக்குப் போதும், விலையையும் குறைத்தார். (நாம் ஃபார்முலாவாக உருப்போடுகிற டைவர்சிட்டி ஃபேக்டர் இதுதாங்க!)

லோடைக் கணித்த மனுஷன் பங்குச் சந்தையில் கோட்டை விட்டார். 1929 சரிவுக்குப் பின், 1932-ல் கடனில் நின்ற அவருடைய ஹோல்டிங் கம்பெனிகள் கவிழ்ந்தன. பங்கு வாங்கின சாமானியர்களின் சேமிப்பும் போச்சு. மோசடி வழக்கில் 1934-ல் விடுதலை. 1938-ல் பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார்.