மரபியலறிஞர் ஹால்டேன்

பொருநை பாயும் நெல்லைச் சீமையில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் முதல் ஆற்றங்கரைச் சிற்றூர்கள் வரை, அத்தை மகன், மாமன் மகள் என்னும் முறையுறவில் மணம் முடிப்பது நெடுங்கால வழக்கம். தென்னாட்டுக்குரிய இவ்வழக்கத்தை இகழாமல், அதனுள் பொதிந்திருந்த மரபியல் வினாவை ஆராய விழைந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த பேரறிஞர் அவர்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5 அன்று ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களில் உயிர்பறிக்கும் நச்சுக் காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சிறுவயதிலேயே தந்தையின் ஆய்வுகளில் துணைநின்ற மகன், பின்னாளில் தம் உடலையே சோதனைக் களமாக்கினார். அறிவியலில் பட்டம் எதுவும் பெறாத அவர், கணிதப் புலமையால் மரபியலின் தூண்களுள் ஒருவரானார். 1937இல் ஜூலியா பெல் அம்மையாருடன் இணைந்து, குருதி உறையாமை நோய்க்குரிய மரபணுவும் நிறக்குருட்டுத் தன்மைக்குரிய மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்திருப்பதை நிறுவினார்.

அக்காலத்தில் அறிவுசார் குறைபாடு உடையோர் பெரும் அநீதிக்கு ஆளாயினர். அவர்களுக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் செய்துவிட்டால் குறைபாடே ஒழிந்துவிடும் என்று பலர் நம்பினர். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும், 1933இல் ஜெர்மனியிலும் அதற்கெனச் சட்டங்களே இயற்றப்பட்டன. ஹால்டேன் இதனை அறிவியலின் துணைகொண்டு எதிர்த்தார். 1938இல் வெளிவந்த 'மரபும் அரசியலும்' என்னும் பொருளுடைய அவரது நூல் இவ்வாதத்தை விரித்துரைத்தது.

பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயைக் கொண்டு இவ்வாதத்தை உணரலாம். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் கண்டறிந்த இந்நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே தோன்றும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு நோய் இருப்பின், ஏறத்தாழ இருநூறு பேர் நோயின்றி அம்மரபணுவைச் சுமந்திருப்பர். எனவே நோயுற்றோரைத் தண்டிப்பதால் நோய் ஒழியாது, கொடுமையே எஞ்சும். பின்னர் 1950களில், உரிய உணவுமுறையை இளமையிலேயே தொடங்கினால் அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் காக்கலாம் என்பதும் தெளிவாயிற்று. மரபு என்பது மாற்றவியலாத தலைவிதி அன்று.

1957இல் ஹால்டேன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இங்கு உறவுமுறைத் திருமணங்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. முன்னோர் ஒருவரின் ஒரே மரபணு தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் குழந்தையை அடையும் வாய்ப்பு, அத்தை மாமன் மக்கள் மணத்தில் பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணக்கும் வழக்கத்திலோ எட்டில் ஒன்று. அதனால் அரிய பிறவி நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகும். ஆயினும் அத்தகைய குடும்பங்களில் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர். இப்பொருள் குறித்து ஆந்திரப் பகுதியில் தம் மாணவர் மேற்கொண்ட ஆய்வுக்கு அவர் ஊக்கமளித்தார்.

1962இல் புவனேசுவரம் சென்று மரபியல் ஆய்வகம் அமைத்த ஹால்டேன், 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்கு வழங்கப்பட்டது. பிறப்பால் வரும் குறைபாட்டுக்கு எவரையும் பழிக்கலாகாது என்பதைக் கணக்கால் மெய்ப்பித்த அவர் வாழ்வு, அறிவும் அறமும் வெவ்வேறல்ல என்பதை உணர்த்துகிறது.