பேதியின் புதிரை அவிழ்த்த பெருமகனார்

சென்ற ஆண்டு சமூக சேவைக்காக மதுரைக்கு அருகே வைகைக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்கு நாங்கள் சென்றிருந்தோம். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு வயதுக் குழந்தை வயிற்றால் போய்த் துவண்டு கிடந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சிய பாட்டி, ஒரு வாய் நீரும் புகட்டவில்லை. எங்களுடன் வந்த சிஸ்டர் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். பின்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தூக்கிச் சென்றோம். மாலையில் குழந்தை கண் விழித்துப் பால் குடித்தது. நீராய்ப் போகும் நோய்க்கு நீரே மருந்தாவது எப்படி? அந்த விடையைத் தேடியபோது டாக்டர் சம்புநாத் தே அவர்களின் வரலாறு எங்களுக்குக் கிடைத்தது.

இவர் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகையின் துணையால் படித்து, 1939-இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். லண்டனில் 1949-இல் பி.எச்டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பி, மக்களை வாட்டிய காலராவை ஆராய்ந்தார்.

காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவிலேயே கண்டு உறுதி செய்திருந்தார். ஆயினும் அது மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது புதிராகவே இருந்தது. டாக்டர் தே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, நடுவே கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பி உப்பியிருந்தது! இச்சோதனையை 1953-இல் வெளியிட்டார். வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் கிடைத்த ஈ.கோலி கிருமிகளுள் சிலவும் அவ்வாறே செய்வதை 1956-இல் காட்டினார். இன்றும் பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் கிருமிகளுள் இவ்வகையும் ஒன்று.

1959-இல் அவர் காலராக் கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது! கிருமி சுரக்கும் நஞ்சே, பம்புசெட் கிணற்று நீரை இறைப்பதுபோல், உடலின் நீரைக் குடலுக்குள் இறைக்கிறது என்பது தெளிவாயிற்று. குடல் அழிந்துவிடுவதில்லை, சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் உப்பையும் நீரையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதைப் பிற ஆய்வாளர்கள் கண்டார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலால் பல உயிர்களைக் காத்தார்.

எல்லாக் கிருமிகளும் ஒன்றல்ல. ஷிகெல்லா என்னும் கிருமி குடலையே புண்ணாக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

டாக்டர் தே அவர்களைப் பெரிய விருதுகள் தேடி வரவில்லை. 1973-இல் பணி ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் நிறுவனம் தன் கருத்தரங்குக்கு அவரை அழைத்துச் சிறப்பித்தது. 1985 ஏப்ரல் 15-ஆம் நாள் மறைந்தார்.

தோழியரே! அந்தப் பாட்டிக்கு அன்பு குறையவில்லை. அறிந்து சொல்வார்தாம் இல்லை. நம் வீட்டிலும் தெருவிலும் அதைச் சொல்வோம். கை கழுவுவோம்; நீரைக் கொதிக்க வைத்துப் பருகுவோம்; வயிற்றால் போகும் குழந்தைக்குத் தாய்ப்பாலையும் கரைசலையும் நிறுத்தாமல் கொடுக்கச் செய்வோம். புகழை நாடாது உழைத்த அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே!