நாட்குறிப்பு தந்த ஆனந்தரங்கர்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைத்தலைவர்களின் வெற்றி தோல்விகளையே விரித்துரைப்பர். போர்க்காலத்தில் நகரில் வாழ்ந்த மக்கள் எதற்கு அஞ்சினர், எச்செய்தியை நம்பினர் என்பனவற்றை அந்நூல்களில் காண்டல் அரிது. அக்குறையைத் தீர்த்த பெரியார், புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஆவார்.

இவர் சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. அக்குடும்பம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் குடியேறி, வணிகத்தால் உயர்ந்தது. 1726இல் தந்தையார் காலமானார். இளைஞராகிய ஆனந்தரங்கர் தம் அறிவாலும் உழைப்பாலும் வணிகத்தைப் பெருக்கினார். சொந்தமாகக் கப்பலும் உடையராயினார்.

1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் இவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல்களின் வரவு, பண்டங்களின் விலை, ஊரார் வழக்குகள், தெருவில் உலவிய வதந்திகள் ஆகிய யாவற்றையும் அக்காலப் பேச்சுத் தமிழிலேயே குறித்துவைத்தார்.

அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தென்னாட்டில் மேலாண்மைக்குப் போராடினர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டில் ஆனந்தரங்கர் ஆளுநர் டியூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். மொழிபெயர்த்து உரைப்பதோடு, ஆட்சியாளர்க்கும் மக்களுக்கும் இடையே நின்று காரியம் முடிப்பதும் துபாஷியின் கடமையாம். 1748இல் பாஸ்கவன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகரினுள் குண்டுகள் வீழ்ந்தன, மக்கள் கலங்கினர். மழையும் நோயும் வருத்தவே, ஆங்கிலப்படை அக்டோபரில் மீண்டது. அந்நாட்களிலும் இவர் எழுதுகோல் ஓயவில்லை.

ஆட்சியாளரின் ஆதரவில் வாழ்பவர் அவர்தம் குறைகளை எழுதுதல் எளிதன்று. ஆனந்தரங்கரோ, டியூப்ளேயின் ஆற்றலைப் புகழ்ந்தவாறே, அவர் மனைவியாரின் தலையீட்டையும் அதிகாரிகளின் பொருளாசையையும் மறையாது குறித்தார். 1754இல் டியூப்ளே தாய்நாட்டுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கரும் பதவி இழந்தார். உடலும் நலிந்தது. எனினும் நாட்குறிப்பு நின்றுவிடவில்லை.

1760இல் ஆங்கிலேயர் மீண்டும் நகரை வளைத்தனர். உணவின்றி மக்கள் வாடினர். 1761ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் ஆனந்தரங்கர் உயிர் நீத்தார். நான்காம் நாள், அஃதாவது 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் அதன் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

கோட்டை அழிந்தது, ஏடுகள் பிழைத்தன. அவர் இல்லத்தில் உறங்கிய அவ்வேடுகள் 1846இல் வெளிப்பட்டன. அவற்றுட் சில பகுதிகள் கிடைத்தில. எஞ்சியவற்றை 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தார் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். பிற்காலத்தில் எழுத்தாளர் பிரபஞ்சன், ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் வரலாற்றுப் புதினங்களை இந்நாட்குறிப்பின் துணைகொண்டே படைத்தார்.

மாணவர்களே! ஆனந்தரங்கர் படை நடத்தியவர் அல்லர்; நாடு ஆண்டவரும் அல்லர். கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிவைத்தார். அதனாலன்றோ, அவர் காலத்துப் புதுச்சேரியை நாம் இன்றும் காண்கின்றோம்! நீவிரும் நாள்தோறும் சில வரிகளேனும் உண்மையாக எழுதிப் பழகுவீராக.