திரும்பி வந்தவர்

மதுரைக்காரங்களா நீங்க? அப்போ பிரிட்டோ ஸ்கூல் தெரியும். உசிலம்பட்டி ரோட்டுல பஸ்ல போயிருந்தா கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரியும் தெரியும். இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுன்னு தெரியுமா? எனக்குத் தெரியாது. செமஸ்டர் லீவுல கேட் தேர்வுப் புத்தகம் தேடி சிம்மக்கல் மைய நூலகத்துக்குப் போனேன். தேடினது கிடைக்கலை. பக்கத்து அலமாரியில் இருந்த ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துட்டு உட்கார்ந்தேன், சாயங்காலம் ஆகிடுச்சு.

1647 மார்ச் 1, லிஸ்பன் நகரம். ஜான் டி பிரிட்டோ பிறந்தது பெரிய இடத்தில். அப்பா பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநர். பையன் சின்ன வயசிலேயே அவர் இறந்துட்டார். பையன் வளர்ந்தது போர்ச்சுகல் அரண்மனையில், இளவரசர் பெத்ரோவுக்குத் தோழனாக. அந்தப் பெத்ரோதான் பின்னாடி நாட்டுக்கு ராஜா. இந்த நட்பை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பதினோரு வயசு வாக்கில் கடுமையான காய்ச்சல். பிழைச்சா ஒரு வருஷம் சேசு சபைத் துறவி உடையை மகனுக்கு உடுத்துறேன்னு அம்மா புனித சவேரியாருக்கு நேர்ந்துகிட்டார். நம்ம ஊர்ல மொட்டை போடுறதா வேண்டிக்கிற மாதிரிதான். பையன் பிழைச்சான், ஒரு வருஷம் அந்த அங்கியோடவே அரண்மனையில் சுத்தினான். அம்மாவுக்கு அதோடு வேண்டுதல் முடிஞ்சது. மகனுக்கு முடியலை. 1662-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் குருப்பட்டம் வாங்கி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அம்மா தடுத்துப் பார்த்தார், நடக்கலை.

அப்போ மதுரை மிஷன்னு சொன்னா மதுரை நகரம் மட்டும் இல்லை. நாயக்கர் சீமை, தஞ்சாவூர், செஞ்சி, மறவர் நாடுன்னு பரந்து கிடந்த பகுதி. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தவர். அதில் ஒரு சிக்கல்: அந்தக் கோலத்தில் இருந்துகிட்டு, தாழ்த்தப்பட்ட மக்களோட வெளிப்படையா பழக முடியாது. அதனால பின்னால் வந்த சில குருக்கள் பண்டாரசாமி கோலத்துக்கு மாறினாங்க. பிரிட்டோவும் அந்த வழிதான். காவித் துணி, தலைப்பாகை, கையில் கோல். சோறும் காய்கறியும் பாலும்தான் சாப்பாடு, கறி மீன் தொடவே இல்லை. பேரும் அருளானந்தர்னு ஆச்சு. சாதி ஏற்றத்தாழ்வை இவங்க ஒழிச்சுட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. அதை அனுசரிச்சுத்தான் வேலை செஞ்சாங்க. அதைப் பத்தின விமர்சனம் இன்னைக்கும் இருக்கு, நியாயமான விமர்சனம்தான்.

1686-ல் மறவர் நாட்டுக்குள்ள போனார். அங்கே ஆட்சி ரகுநாத கிழவன் சேதுபதியோடது. படைவீரர்கள் அவரையும் கூட இருந்த உபதேசியார்களையும் பிடிச்சாங்க. கட்டி வச்சு அடி. குளத்துத் தண்ணியில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தாங்க. வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையில் கிடத்தி மிதிச்சாங்க. கழுவேற்றும் தண்டனையும் சொல்லியாச்சு. கடைசியில் ராமநாதபுரத்தில் சேதுபதியே நேரில் விசாரிச்சார். விசாரிச்சுட்டு விடுதலை செஞ்சார், ஒரே ஒரு நிபந்தனையோட: என் நாட்டுல இனிமே போதிக்கக் கூடாது.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க. விடுதலை ஆன கையோட சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்புது, மிஷன் வேலையா. 1687-ல் லிஸ்பன் போய்ச் சேர்றார். பால்ய நண்பன் பெத்ரோ இப்போ ராஜா. இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியரா இருன்னு கேட்கிறார். நம்ம பாஷையில் சொன்னா, ஆன்சைட்ல நிரந்தர வேலை, அதுவும் அரண்மனையில். அம்மாவும் உயிரோட இருக்கார். எந்தக் கோர்ட்டும் திரும்பி வரச் சொல்லலை. திரும்பி வந்தா என்ன நடக்கும்னு உடம்பிலேயே தழும்பு இருக்கு.

1690-ல் அவர் திரும்பி வந்துட்டார். அடுத்த வருஷமே மறவர் நாட்டுல வேலை.

பயமில்லாத ஆளா? எனக்கு அப்படித் தோணலை. பயமே இல்லாத ஆளுக்கு மறுபடி வர்றது ஒரு பெரிய விஷயமும் இல்லை. அடி வாங்கின உபதேசியார்களும், ஞானஸ்நானம் வாங்கின ஜனங்களும் இங்கேதான் இருக்காங்க. அவங்களுக்கு லிஸ்பன் போற வசதி இல்லை. அவரைத் திரும்பக் கூட்டி வந்தது இந்தக் கணக்குதான்னு நினைக்கிறேன். நம்பிக்கைன்னு அவர் எதைச் சொல்லியிருப்பார்னு இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நல்லதே நடக்கும்கிற நினைப்பு இல்லை அது. நடக்காதுன்னு தெரிஞ்சே வந்தார்.

அப்புறம் தடியத் தேவர். சேதுபதி அரியணைக்கே உரிமை கேட்கக்கூடிய வம்சத்துக்காரர். தீராத நோய் ஒன்று உபதேசியார் ஒருவரின் ஜெபத்தில் குணமானதா நம்பி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு ஐந்து மனைவிகள். ஒருத்தரைத் தவிர மத்தவங்களை விலக்கினாத்தான் முடியும்னு அருளானந்தர் சொல்லிட்டார். தேவரும் ஒத்துக்கிட்டு, 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் வாங்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். நேரா போய் முறையிட்டார்.

வழக்கமா இந்தக் கதையில் கடலாயிதான் வில்லி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருத்தர் மதம் மாறினதுக்காக, தப்பே செய்யாத ஒரு பொண்ணு வாழ்ந்த வீட்டை விட்டு வெளியே போகணும். அவங்க கோபத்தை எப்படித் தப்புன்னு சொல்ல முடியும்? சேதுபதிக்கும் இது வெறும் மதப் பிரச்சினை இல்லை. அரியணைப் போட்டிக்கு வரக்கூடியவர் புது ஆதரவோட கிளம்பினா எந்த ராஜா சும்மா இருப்பார்?

ரெண்டு நாளில் கைது. ராமநாதபுரத்தில் வச்சுக் கொன்னா கலவரம் வரலாம்னு ஓரியூருக்கு, சேதுபதியின் தம்பியிடம் அனுப்பினாங்க. பிப்ரவரி 3-ம் தேதி, சிறையில், கரியைத் தண்ணியில் குழைச்சு மை ஆக்கி சக குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள் பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினாங்க. கை கால்களையும் வெட்டி உடலைக் கழியில் தொங்கவிட்டாங்க. நாற்பத்தாறு வயசு முடிய இன்னும் ஒரு மாசம் கூட இல்லை.

சேதி லிஸ்பனுக்குப் போனப்போ, அம்மா துக்க உடை உடுத்தாம விழா உடையில் அரண்மனைக்கு வந்தாங்கன்னு அவர் வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க. அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பக்கம் திருப்பாம உட்கார்ந்திருந்தேன். சவேரியாருக்கு நேர்ந்துகிட்டு அந்த அங்கியை முதல்ல மாட்டிவிட்டதே அந்த அம்மாதானே.

1947 ஜூன் 22-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தாங்க. ஓரியூர் இப்போ திருவாடானை பக்கம் இருக்கு. அந்த இடத்து மண் சிவப்பா இருக்கும், அவர் ரத்தம் பட்டதால்னு ஜனங்க நம்பிக்கை. இந்துக்களும் வர்றாங்க, மறவர் குடும்பங்களும் வர்றாங்க, மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. குழந்தை வரம் கேட்டு வந்தவங்க கிடா வெட்டி நேர்ச்சை செய்றதும் உண்டு. கறியே தொடாத பண்டாரசாமிக்கு!