விடுமுறையில் கற்ற வித்தை: காப்டன் டிரைப்பின் வாழ்க்கை

அலுவல் வயிற்றுக்கு, விருப்பம் உள்ளத்துக்கு. இவ்விரண்டும் ஒருவனிடத்தில் ஒன்றாக அமைவது அரிது. அமையாதவர்களே நம்மில் மிகுதி. இரயில்வே அலுவலகத்தில் எட்டு மணி நேரம் பேரேட்டில் எண்களை நிரப்பிவிட்டு, ஞாயிறன்று காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சயனைடு மேடுகளின்மேல் ஏறி நிற்கும் நம் போன்றவர்களைப் பார்த்துச் சிரிப்போர் இத் தங்கவயலில் பலர் உண்டு. அவர்கள் சிரிக்கட்டும். நம்மைப் போலவே விடுமுறையில் ஒளிப்படக் கலையைக் கற்று, நம் தமிழ்நாட்டின் மலைகளையும் கோயில்களையும் முதன்முதலில் முறையாகப் படம் எடுத்து வைத்த ஒரு மனிதரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்தவர். பெரிய குடும்பம், உடன்பிறந்தார் பலர். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவை ஒரு பிழைப்பு வழி. பதின்பருவம் கடக்கும் முன்பே சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். பன்னிரண்டாம் சென்னைக் காலாட்படையில் அதிகாரியானார். பல ஆண்டுகள் கழிந்தன. அதுவரை அவர் வாழ்வில் குறிப்பிடத் தக்க செய்தி ஒன்றும் இல்லை. ஆயிரம் அதிகாரிகளில் அவரும் ஒருவர்.

1850-ஐ ஒட்டி நீண்ட விடுப்பில் தாய்நாடு சென்றார். விடுப்பில் செல்வோர் உறங்குவர், உண்பர், உறவினர் வீடுகளைச் சுற்றுவர். டிரைப்போ அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த ஒளிப்படக் கலையைக் கற்றார். அக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1853-ல் இலண்டனில் ஒளிப்படச் சங்கம் தோன்றிய ஆண்டிலேயே அதில் உறுப்பினரானார். பிறந்த ஊரின் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எடுத்துப் பழகினார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. கற்க வயது கடந்துவிட்டது என்று புலம்பும் நண்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

1854-ல் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் காமிராவுடன் மைசூர் நாட்டிலுள்ள ஹளேபீடுக்கும் பேலூருக்கும் சென்றார். அரசு அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை. சொந்த ஆர்வத்தால் சென்று ஹொய்சளர் கோயில்களைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு, 1855-ல், சென்னையில் பொருட்காட்சி ஒன்று நடந்தது. டிரைப் 68 படங்களை அதற்கு அனுப்பினார். நடுவர் குழு அவற்றுக்கு முதல் வகுப்புப் பதக்கம் வழங்கியது. விடுமுறை வித்தை அன்றே அரசின் கண்ணில் பட்டது.

இன்று பொத்தானை அழுத்தினால் படம் வருகிறது. அன்று ஒரு படம் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சொன்னால்தான் அவர் பெருமை விளங்கும். டிரைப் பெரிதும் கையாண்டது மெழுகுத்தாள் முறை. பிரெஞ்சு நாட்டு லெ க்ரே என்பவர் 1851-ல் வெளியிட்ட முறை அது. மெல்லிய தாளை உருகிய மெழுகில் தோய்த்து, அயோடின் உப்புக்கள் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பின்பு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தால் தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். அதனைக் காமிராவில் வைத்துப் பல நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டும். மீண்டும் இருட்டறையில் மருந்தில் இட்டால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய நெகடிவ் உருவம் தோன்றும். அந்த நெகடிவை வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால்தான் படம். பெரிதாக்கும் வசதி இல்லை. எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவில் நெகடிவ் இருந்தாக வேண்டும். டிரைப்பின் நெகடிவுகள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டவை. அவற்றைத் தாங்கும் காமிராப் பெட்டி எத்துணைப் பெரியதாயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. தாள்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசும் மற்றொரு முறையிலோ, தகடு உலரும் முன் எல்லாம் முடிந்தாக வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது பெருந்தொல்லை. ஆனால் மெழுகுத்தாளிலும் தொல்லை இல்லாமல் இல்லை. வெப்பத்தில் மெழுகு இளகும். நீரில் அழுக்கிருந்தால் படத்தில் புள்ளி விழும். டிரைப் மருந்தின் அளவுகளை நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்பப் பொறுமையுடன் திருத்திக்கொண்டார்.

அன்றைய மருந்துகளுக்கு வேறொரு குறையும் இருந்தது. அவை நீல நிறத்தை மிகையாக உணர்ந்தன. ஆகையால் வானம் முழுதும் வெளுத்து, மேகம் ஒன்றும் தெரியாமல் போகும். டிரைப் சில நெகடிவுகளில் தூரிகை கொண்டு தாமே மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத் தொகுதியையும் திருத்தினார். இது பொய்யல்லவா என்று சிலர் கேட்கலாம். கண் கண்ட வானத்தை மருந்து காணவில்லை. மருந்தின் குறையைக் கை தீர்த்தது என்பதே நம் கருத்து.

1855-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பர்மா மன்னர் மிண்டோனின் அவைக்கு ஒரு தூதுக் குழு சென்றது. ஆர்தர் பேயர் தலைவர். ஹென்றி யூல் செயலாளர். அதில் ஒளிப்படக்காரராக டிரைப் அனுப்பப்பட்டார். மழை, நோய், ஓயாத பயணம் எல்லாவற்றுக்கும் இடையில் இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவுகளை எடுத்தார். பெங்களூருக்குத் திரும்பியபின் அவற்றில் 120 காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 படிகள் அச்சிடும் பணி நடந்தது. கணக்கிட்டால் ஆறாயிரம் படங்கள்! ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்து உருவானது. அக்கால அச்சுப்படங்களுக்கு நிறம் நிலைக்கும் பொருட்டுத் தங்க உப்பு கரைத்த நீரில் தோய்க்கும் வழக்கமும் உண்டு. மருந்துப் புட்டியிலும் பொன்னுக்கு ஓர் இடம் இருந்ததென்பது தங்கவயலில் பிறந்த நமக்குப் பெருமை தரும் செய்தி அல்லவா?

1856-ல் சென்னை அரசாங்கம் டிரைப்பைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து அவர் தமிழ்நாட்டுச் சுற்றுப் பயணம் புறப்பட்டார். தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடத் தொடங்கியிருந்தது உண்மையே. ஆனால் அவர் செல்ல வேண்டிய வழியில் தண்டவாளம் இல்லை. காமிராவும் மருந்தும் மாட்டு வண்டிகளில்தான் சென்றன. நம் ஊருக்குத் தெற்கே மலைக்கோட்டையுடன் விளங்கும் இராயக்கோட்டையைப் படம் எடுத்துவிட்டு, சேலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் பணி செய்து, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். அவர் இப்பக்கம் கடந்தபோது நம் தங்கவயலில் கம்பெனிகளின் சுரங்க வேலை தொடங்கவில்லை. ஜான் டெய்லர் கம்பெனி இங்கு சுரங்க வேலையைத் தொடங்கியது 1880-ல்தான்.

மதுரையில் அவர் செய்த வேலை நம்மைப் போன்ற பழகுநர்க்குப் பாடம். வையை ஆற்றையும் அதன் குறுக்கே சென்ற தாழ்ந்த பாதையையும் எடுத்தார். திருப்பரங்குன்றத்து மலையை எடுத்தார். ஆனைமலையை எவரும் நீளவாட்டில் நின்றே காண்பர்; அப்போதுதான் யானை படுத்திருப்பது போலத் தோன்றும். டிரைப் அம்மலையின் ஒரு முனைக்குச் சென்று நின்று ஒரு படம் எடுத்தார். அதில் யானை இல்லை. செங்குத்தாக எழுந்த பாறையின் பருமை இருக்கிறது. பலரும் நிற்கும் இடத்தை விட்டு நாலடி நடந்து பார்க்க வேண்டும் என்பதை நாம் அப்படத்திலிருந்தே கற்றோம். திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அது அப்போது சிதைந்து கிடந்தது. பிற்காலத்தில் நேப்பியர் பிரபு கவர்னராயிருந்தபோது பழுது பார்க்கப்பட்டது. பழுது பார்க்கும் முன் அது எவ்வாறு இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டைப் பகுதி பகுதியாக 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தமிழ் எழுத்து ஒன்றும் சிதறாதபடி, ஒவ்வோர் இடத்திலும் அதே தொலைவில், அதே உயரத்தில், ஒளி மாறுவதற்குள் அடுத்ததை எடுக்க வேண்டும். அழகுக்காக மட்டும் படம் எடுப்பவர் இத்தகைய வேலைக்கு உடன்படார். இருப்பதை இருந்தபடி காத்து வைக்க வேண்டும் என்ற கடமையுணர்வு உள்ளவரே செய்வார்.

அவருடைய பட்டறையில் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியைச் சேர்ந்த சி. ஐயாசாமி என்ற தமிழரும் பணி செய்தார். அவர் அப்பள்ளியில் ஒளிப்படக் கலையைக் கற்பிப்பவராகவும் விளங்கினார். இப்பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தவருக்கு நேர்ந்தது என்ன? 1857-ன் கலகத்துக்குப் பின் அரசின் கருவூலம் வறண்டது. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசு பணம் செலவிட்டு ஒளிப்படம் எடுப்பது ஆடம்பரம் என்று கருதி அத்துறையை நிறுத்தினார். 1860-ல் எல்லாம் முடிந்தது. டிரைப் மீண்டும் படைக்குத் திரும்பினார். அதன் பின்னர் பர்மாவில் எடுத்த சிலவற்றைத் தவிர, அவர் ஒளிப்படக் கலையை ஏறத்தாழக் கைவிட்டார். மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவியுடன் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்கே சென்று, 1902-ல் காலமானார். நெடுங்காலம் அவர் பெயரை மிகச் சிலரே அறிந்திருந்தனர். 2014-லும் அதை அடுத்தும் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் அவர் படங்களின் பெருங்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்டவை இன்று காண்பதற்கரிய செல்வம்.

இவ்வரலாற்றை நாம் எழுதக் காரணம் ஒன்றுண்டு. நம் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. அவர் நாள்தோறும் இறங்கி ஏறிய ஷாப்டின் இரும்புக் கோபுரம் நம் லைன் வீட்டு வாசலிலிருந்து தெரியும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து நாம் காமிரா வாங்கினோம். நந்தி மலையில் மேகத்தை எடுத்தோம். ஒகேனக்கலில் அருவியை எடுத்தோம். வாசலில் நின்ற கோபுரத்தை எடுக்கவில்லை. அது எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் அது பிரிக்கப்பட்டு இரும்பாய்ப் போயிற்று. தந்தையாரும் காலமானார். தாத்தா வேலை செய்த இடம் எது என்று நம் மகள் கேட்டபோது, வெற்று வானத்தைச் சுட்டிக் காட்டினோம். நூற்றுக்கணக்கான படங்கள் வீட்டில் இருக்கின்றன. அந்த ஒன்று இல்லை.

அன்று முதல் நாம் வெளியூர் மலைகளைத் தேடுவதை விட்டோம். ஞாயிறுதோறும் விடியற்காலையில், வெயில் சாய்ந்து விழும் வேளையில், சயனைடு மேடுகளையும், எஞ்சியுள்ள கோபுரங்களையும், லைன் வீடுகளின் வரிசையையும், மாரிகுப்பம் நிலையத்தையும் எடுத்து வருகிறோம். ஒவ்வொன்றின் பின்னும் இடமும் நாளும் எழுதி வைக்கிறோம். கைத்தேர்ச்சியில் குறை இருக்கலாம்; நாள்தோறும் கற்கிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். பெட்டியின் அடியில், சுவாமி படத்தின் பின்னால், பழைய ஆல்பத்தில் இத் தங்கவயலின் படம் ஏதேனும் இருந்தால் அடுத்த ஆண்டு விழாவுக்குக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். அவற்றுள் ஏதேனும் ஒன்றில், யாருடைய தலைக்கும் பின்னாலாவது, அந்தக் கோபுரம் தெரியக்கூடும்.