சிப்பி கண்ட ஞானி
சிப்பியை ஆராயப் புகுந்து, கடல்வாழ்வின் சூக்ஷ்மத்தையே கண்டவர் கார்ல் மோபியஸ். 1825-ல் ஜெர்மனியில் பிறந்த இவர், கீல் சர்வகலாசாலையில் பிராணி சாஸ்திரப் பேராசிரியராயிருந்தார். வடகடற்கரையில் சிப்பி விளைவைப் பெருக்க வழியுண்டா என்று பிரஷ்ய சர்க்கார் கேட்டது. இல்லை என்றார் மோபியஸ். சிப்பிப் படுகை பல உயிர்கள் ஒன்றையொன்று அண்டி வாழும் ஒரு சமூகம். மிதமிஞ்சி வாரினால் சிப்பியின் இடத்தை மட்டி கைக்கொள்ளும் என 1877-ல் நூலெழுதினார். அச்சமூகத்துக்கு அவரிட்ட 'பயோசினோஸ்' என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது. 1908-ல் அவர் மறைந்தார். 1950-ஐ ஒட்டி அப்படுகைகளில் நாட்டுச் சிப்பியே அற்றுப்போயிற்று. ஆள்வோர் விரும்பியதைக் கூறாது உண்மையைக் கூறிய அறிஞரை நாம் போற்றுகிறோம். அறிஞர் சொல்லைப் புறக்கணிக்கும் ஆட்சி, தேசத்தின் செல்வத்தையே இழக்கும்.